பனைமரத்தில் நெறி

ஜனவரி 9

அன்புள்ள அரை டாக்டர் அக்காவுக்கு,

வாயாடித் தம்பி எழுதுவது. இங்கே நான், இவள், மகள் மூவரும் சுகம். அங்கே நீ, அத்தான், பையன்கள் எப்படி இருக்கிறீர்கள்? முக்கியமாக, உன் தலைவலி எப்படி இருக்கிறது? வருகிறதா இல்லையா என்பதைத் தவறாமல் எழுது.

தொலைபேசியில் கூப்பிடக் கூடாதா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். நாள் முழுக்க மண்டியில் தொண்டை கிழியக் கத்துகிறவனுக்கு எழுதுவதுதான் ஓய்வு, அக்கா. இந்த வாரம் வெங்காயம் மலையாய்க் குவிந்துவிட்டது. விடிந்ததும் முதல் மூட்டைமேல் ஏறி "ஒரு தரம்" என்று ஆரம்பித்தால் ஒன்பதரை வரை வாயை மூடவில்லை. தக்காளி மண்டிக்காரர், "உங்க தொண்டை என்ன பித்தளையில செஞ்சதா?" என்று கேட்டார். இதை உன்னிடம் பீற்றிக்கொள்ளாமல் யாரிடம் பீற்றிக்கொள்வது?

ஒரு சின்ன விஷயம். சவரம் செய்யும்போது கவனித்தேன். வலது தாடைக்குக் கீழே, கொஞ்சம் பின்னால், ஒரு கட்டி. கொண்டைக்கடலை அளவு. மூன்று வாரமாக இருக்கிறது. வலி இல்லை. விழுங்கும்போது மட்டும் தொண்டையில் துரும்பு நிற்பது போலவும், வலது காதில் சுருக்கென்று குத்துவது போலவும் இருக்கிறது. அந்தப் பக்கம் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தை. தென்னைமரத்தில் தேள் கொட்டினால் பனைமரத்தில் நெறி கட்டியதாம் என்பார்களே, அதுபோல் பல்லுக்கு வந்தது கழுத்தில் வந்து நிற்கிறது என்று நினைக்கிறேன். இவள்தான் "பெரிய ஆஸ்பத்திரில ஒரு தடவ காட்டிட்டு வந்துருங்களேன்" என்று பிடுங்கி எடுக்கிறாள். போனால் ஒரு நாள் ஏலம் போச்சு.

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். நீ ஒருவரையும் கொல்லாமல், வெறும் படிவம் நிரப்பியே அரை டாக்டர் ஆனவள். நீ போ என்றால் போகிறேன். வேண்டாம் என்றால் உன் கடிதத்தைக் காட்டி இவள் வாயை அடைக்கிறேன்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

வாயாடி


ஜனவரி 17

அன்புள்ள வாயாடிக்கு,

அக்கா எழுதுவது. அத்தானின் முதுகுப்பிடிப்பைத் தவிர இங்கே எல்லாம் நல்லபடி. அது அவருக்கு வேலை வரும்போது வரும், சாப்பாட்டு நேரத்தில் போய்விடும். எனக்குத் தலைவலி இல்லை. ஒவ்வொரு கடிதத்திலும் என் தலையையே விசாரிக்கிறாயே என்று அவருக்கு ஆச்சரியம். "உள்ள ஏதாச்சும் இருக்கான்னு உன் தம்பிக்குச் சந்தேகம் போல" என்கிறார்.

உன் மனைவி எதற்குப் பயப்படுகிறாள் என்று எனக்குத் தெரியாதா? அவளுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். புற்றுநோய்ப் பதிவேட்டில் பதின்மூன்று வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன். தொண்டைப் படிவங்கள் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல் என் கையால் ஏற்றியிருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்: ஆண். வயது அறுபதுக்கு மேல். புகை, ஆம். குடி, ஆம். முதல் அறிகுறி, குரல் கம்மல். நீ நாற்பத்தி நாலு வயசுக்காரன். குடிக்கிற ஆள் இல்லை. புகையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், என் தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்தவன். குரலோ பித்தளை. ஒரு கட்டத்தில்கூட நீ அடங்கவில்லை. பல்லைப் பிடுங்கிவிட்டு, வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி. வேலை நாளைக் கெடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்காதே.

இங்கே வருஷ ஆரம்பத்து வேலை கழுத்தை நெரிக்கிறது. பிழைத்தவர்களுக்கெல்லாம் அட்டை அனுப்ப வேண்டும். "நலமாக இருக்கிறீர்களா?" என்று அச்சடித்த அட்டை. ஒன்று அனுப்பிப் பதில் வராவிட்டால் இன்னொன்று, அதற்கும் இல்லையென்றால் மூன்றாவது. அதற்கும் இல்லையென்றால் "தொடர்பு இல்லை" என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவோம். உன் ஏலம் மாதிரிதான், மூன்று தரம். படிவத்தில் கடைசிக் கட்டம் ஒன்று உண்டு: மருத்துவரிடம் வரத் தாமதம் ஆனது ஏன்? பாதிப் படிவங்களில் அது காலியாகவே வரும். நானே "நோயாளியின் அலட்சியம்" என்று நிரப்பிவிடுவேன். பெரும்பாலும் அதுதானே காரணம்.

மகளுக்கு அத்தையின் முத்தம். அவள் அம்மாவைப் பயப்பட வேண்டாம் என்று சொல்.

அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். சுகத்துக்கு எழுது. தலைவலி?

பல்லைப் பிடுங்கியாயிற்று. பல் வைத்தியர் பிடுங்கியதைக் கையில் கொடுத்தார். இத்தனை நாள் இதையா சுமந்துகொண்டு திரிந்தோம் என்று இருந்தது. கட்டி மட்டும் அப்படியே இருக்கிறது. கொஞ்சம் கனத்திருக்கிறதோ என்று இவளுக்குச் சந்தேகம். தொட்டுத் தொட்டுப் பார்த்தால் எதுவும் கனக்கத்தான் செய்யும் என்று சொல்லியிருக்கிறேன். உன் கடிதத்தைக் காட்டியதும் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் முகம் மூடவில்லை.

இன்னொரு சங்கதி. எங்கள் மண்டி எடைக்காரர் உன்னிடம் கேட்கச் சொன்னார். அவருக்கும் இதே மாதிரி வலது தாடைக்குக் கீழே ஒரு கட்டியாம். வயது ஏறக்குறைய என் வயதுதான். குரலெல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் மனுஷன் இருபது, இருபத்திரண்டு வருஷமாகப் பிடிக்கிறவர். ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட்டுக்குக் குறையாது. சரக்கு வந்து இறங்குகிற நேரத்தில் பனியில் நின்று பிடித்துப் பழகிவிட்டதாம். வீட்டில் பெரியவர்களுக்குத் தெரியாது. அவர் உன் கட்டங்களில் அடங்குவாரா? குரல் கெடவில்லை என்றால் பயமில்லை, இல்லையா? பாவம், ரொம்பக் கேட்டுக்கொண்டார். மறக்காமல் எழுது.

மகள் கணக்கில் முதல் மதிப்பெண். என் மகள் என்று யாரும் நம்பவில்லை.

வாயாடி


மார்ச் 11

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம். தலைக்கும் ஒன்றும் இல்லை.

எடைக்காரரை உடனே போகச் சொல். நாளை, நாளை மறுநாள் என்று தள்ள விடாதே. எங்கள் பிரிவு டாக்டரிடமே கேட்டுவிட்டேன். "குரல் நல்லாருக்குன்னு உக்காந்துடக் கூடாதும்மா. குரல் நாணுக்கு மேல வந்துச்சுன்னா குரல் கெடாது, கழுத்துல நெறிதான் முதல்ல கட்டும். காது குத்தும். இருபது வருஷமா பிடிக்கிறவர்னா ஒரு நாள்கூடக் காத்திருக்க வேணாம்" என்றார்.

அவர் பயந்தால் பயப்படட்டும், இதை அப்படியே சொல். தொண்டையோடு நிற்கிறவரை அது ஒரு இடத்து நோய். நெறிக்கு, அதாவது கழுத்து நிணநீர் முடிச்சுகளுக்கு, வந்துவிட்டால் வாசல் தாண்டிவிட்டது. நெறி "இல்லை" என்று இருப்பவர்களின் அட்டைகள் வருஷா வருஷம் எனக்குத் திரும்பி வருகின்றன. சிலர் பேரன் பிறந்ததைக்கூட ஓரத்தில் எழுதி அனுப்புகிறார்கள். நெறி "ஆம்" என்று இருப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் அட்டை வருவதில்லை. ஒன்றா, மூன்றா, ஐந்தா என்று நோய் ஏறிய முடிச்சுகளின் எண்ணிக்கை கூடக் கூட இன்னும் மோசம். பிடிக்கிறதை வீட்டுக்குத் தெரியாமல் வைத்திருக்கிறாராமே. வீட்டுக்குத் தெரிந்தால் திட்டத்தானே செய்வார்கள், தின்றுவிடவா போகிறார்கள்?

உனக்கு அந்தக் கவலையெல்லாம் வேண்டாம். பல் பிடுங்கிய வீக்கம் வடிய ஒன்றிரண்டு மாதம் ஆகும்.

அத்தான் கேட்டதாகச் சொன்னார்.

அக்கா


ஏப்ரல் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. பதில் எழுத நேரமாகிவிட்டது.

எடைக்காரரிடம் நீ எழுதியதை அப்படியே சொன்னேன். போகிறேன் போகிறேன் என்கிறார், போகவில்லை. தைரியமான மனுஷன்தான். ஆனால் அந்த அட்டைக் கதையைச் சொன்னதிலிருந்து சரக்கு இறங்கும்போதுகூடப் பேச்சில்லாமல் நிற்கிறார். இப்போது கட்டி நெல்லிக்காய் அளவு இருக்கிறதாம். அசைத்தால் அசையவில்லையாம். இதற்கு உன் படிவத்தில் தனியாகக் கட்டம் உண்டா?

என்னுடையது அப்படியேதான் இருக்கிறது.

தலைவலி வந்தால் மறைக்காமல் எழுது.

தம்பி


ஜூன் 6

அன்புள்ள தம்பிக்கு,

நலம், உன் நலம் வேண்டும். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பையன்களுக்குப் பரீட்சை. பிறகு அலுவலகத்தில் அலமாரிகளை மாற்றினார்கள், ஒரு வாரம் ஒரே தூசி. அத்தானுக்கு மறுபடியும் முதுகு. கண்ணாடியும் மாற்ற வேண்டியிருந்தது. இப்படியே நாள் ஓடிவிட்டது.

எனக்குத் தலைவலி இல்லை.

எடைக்காரர் தனியாகப் போகப் பயப்படுகிறார் போலிருக்கிறது. நீ துணைக்குப் போ. இந்த வாரமே போ. போன கையோடு உன் கழுத்தையும் அந்த டாக்டரிடம் காட்டிவிடு. ஏலம் ஒரு நாள் நின்றால் வெங்காயம் அழாது.

போய்விட்டு வந்து எழுது. வேறொன்றும் இல்லை.

அக்கா


ஜூன் 30

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதிக்கொள்வது. அங்கு அனைவரும் நலமென்று நம்புகிறேன். நான் உங்களுக்குத் தனியாகக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இருபத்து மூன்றாம் தேதி அவரைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். குழாய் விட்டுப் பார்த்தார்கள், கட்டியில் ஊசி போட்டு எடுத்தார்கள். தொண்டையில் குரல்வளையின் மேல் பக்கத்தில் இருக்கிறது, நெறிக்கும் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். ஜூலை எட்டாம் தேதி அறுவை. குரல்வளையை முழுதாக எடுக்க வேண்டுமாம். "ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா குரலையாவது காப்பாத்திருக்கலாம்" என்றார் டாக்டர். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணி, ஒன்று சொல்ல வேண்டும். படிவம் நிரப்பும்போது "புகைப் பழக்கம் உண்டா?" என்று கேட்டார்கள். என் எதிரிலேயே "இல்லை" என்றார். வெளியே வந்ததும், "ஏங்க டாக்டர்கிட்டகூடப் பொய் சொல்றீங்க?" என்று கேட்டேன். "அந்தத் தாள் எங்கக்கா மேசைக்குத்தான் போகும்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் சட்டையைத் துவைப்பவள் நான். உங்களுக்கும் தெரியும், தெரிந்தும் தெரியாததுபோல் இருக்கிறீர்கள் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். தெரியாதா அண்ணி?

உங்கள் மார்ச் மாதக் கடிதத்தை அவர் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். மடித்து மடித்து ஓரமெல்லாம் கிழிந்திருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் எனக்கு விளங்கியது. மண்டியில் எடைக்காரர் என்று யாரும் இல்லை. மின் தராசு வந்து இரண்டு வருஷம் ஆகிறது.

நான் சொன்னதாக அவரிடம் காட்டிக்கொள்ளாதீர்கள். முடிந்தால் எட்டாம் தேதிக்கு முன்னால் வாருங்கள். அவர் கேட்க மாட்டார். ஆனால் வாசலைப் பார்க்கிறார்.

வணக்கத்துடன்,
தம்பி மனைவி


ஜூலை 5

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. தைரியமாக இரு. அந்த ஆஸ்பத்திரி டாக்டர்கள் கெட்டிக்காரர்கள், அவர்கள் படிவங்கள் எப்போதும் சுத்தமாக இருக்கும்.

எட்டாம் தேதிக்கு வரத்தான் நினைத்தேன். அரையாண்டு அறிக்கை பத்தாம் தேதி போக வேண்டும், விடுப்பு கிடைக்கவில்லை. அத்தானாலும் தனியாகப் படி ஏற முடியவில்லை. அறுவை முடிந்து நீ உட்கார ஆரம்பித்ததும் வந்துவிடுகிறேன்.

இத்துடன் ஒரு கோடு போட்ட நோட்டும் இரண்டு பேனாவும் அனுப்பியிருக்கிறேன். கொஞ்ச நாள் பேச முடியாது என்பார்கள். நீ எழுதுவதுதான் ஓய்வு என்பாயே.

தலைவலி இல்லை.

அக்கா


செப்டம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

இருக்கிறேன். நீங்கள் எல்லோரும் நலமா?

நீ அனுப்பிய நோட்டு ஒரு மாதத்தில் தீர்ந்துவிட்டது, இவள் வேறு வாங்கித் தந்தாள். கழுத்தில் ஓர் ஓட்டை, அதன் வழியாக மூச்சு. தும்மினால் அங்கிருந்து வருகிறது. மகள் முதல் நாள் பயந்தாள். இப்போது "அப்பா, மூடி போடு" என்று துணி எடுத்துக் கொடுக்கிறாள். முப்பத்து நாலு நெறி எடுத்தார்களாம், ஐந்தில் இருந்ததாம். உனக்கு இதற்கு என்ன அர்த்தம் என்று தெரியும். எனக்கும் தெரியும், நீதான் எழுதியிருந்தாயே. இப்போது தினமும் கதிர்ச் சூடு வைக்கிறார்கள். கழுத்து தீய்ந்த ரொட்டி மாதிரி இருக்கிறது.

போன வாரம் மண்டிக்குப் போய்ப் பார்த்தேன். தக்காளி மண்டிக்காரரே கூவுகிறார். காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. வெங்காயத்தை வாங்க வந்தவர்கள் தூக்கத்தில் தலையாட்டுகிறார்கள். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, "வாங்க, வாங்க" என்றார். பிறகு மூட்டையைத் தட்டிக்கொண்டு நின்றார். ஒரு மூட்டைமேல் உட்கார்ந்திருந்துவிட்டு வந்துவிட்டேன்.

அக்கா, எடைக்காரர் என்று யாரும் கிடையாது. அது நான்தான். உனக்கு எப்போதோ தெரிந்திருக்கும். அப்பா இறந்துபோன மாதம் என் பையில் தீப்பெட்டியைக் கண்டுபிடித்து, உன் தலைமேல் என் கையை வைக்கச் சொன்னாயே. பத்தொன்பது வயது எனக்கு. சத்தியம் செய்தேன். மூன்று வருஷம் காப்பாற்றினேன். மண்டி வேலைக்கு வந்ததும் விட்டுவிட்டேன். சத்தியத்தைத்தான் விட்டேன், பழக்கத்தை இல்லை. பொய்ச் சத்தியம் செய்தால் தலை வெடித்துவிடும் என்பார்கள். அதெல்லாம் சும்மா என்று தெரியும். இருந்தாலும் இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு கடிதத்திலும் உன் தலை எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு எழுதினேன். நீ நலம் என்று எழுதியதும் நிம்மதியாக ஒன்றைப் பற்ற வைப்பேன். வெட்கமாக இருக்கிறது. உன்னிடம் உண்மையைச் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்டிருந்தால், நீ ஒரே வரியில் போ என்றிருப்பாய். நான் பொய்யைச் சொல்லிவிட்டு உன்னிடம் உண்மையைக் கேட்டேன்.

நீ வராததைப் பற்றி நான் ஒன்றும் நினைக்கவில்லை. உனக்கு வேலை இருக்கும். அத்தான் முதுகும் இருக்கிறது.

என் படிவம் கூடிய சீக்கிரம் உன் மேசைக்கு வரும். வெளியே வரும் நாளில் எழுத்தரிடம் கேட்டு வாங்கி ஒரு கட்டத்தைத் திருத்தினேன், ஒரு கட்டத்தை நிரப்பினேன். பார்த்துக்கொள்.

தம்பி


அக்டோபர் 20

அன்புள்ள என் வாயாடிக்கு,

எப்படி இருக்கிறாய்? கதிர் முடிந்ததா? கழுத்தில் எரிச்சல் குறைந்ததா?

உன் படிவம் நேற்று வந்தது. கட்டோடு கட்டாக, பன்னிரண்டாவதாக இருந்தது. பெயரைப் பார்த்ததும் கவிழ்த்து வைத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் முடித்தேன். அப்புறம் எடுத்தேன். புகை: "இல்லை" என்றிருந்ததை அடித்துவிட்டு, உன் கையெழுத்தில் "ஆம், 22 வருடம்". நெறி: 34-இல் 5. எங்கள் டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "சின்ன வயசா இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார். யார் என்று நான் சொல்லவில்லை.

கடைசிக் கட்டத்தில், தாமதம் இருபத்தேழு வாரம், காரணம் "நோயாளியின் அலட்சியம்" என்று எழுதியிருக்கிறாய். பதின்மூன்று வருஷமாக நான் எத்தனை பேருக்கு அந்த வார்த்தையை எழுதியிருப்பேன்! அவர்களுக்கெல்லாம் யார் யார் என்னென்ன சொல்லியிருந்தார்களோ, எந்த அக்கா எந்தக் கடிதம் எழுதியிருந்தாளோ, நான் ஒருவரையும் கேட்டதில்லை.

நீ எனக்காகப் பொய் எழுதியிருக்கிறாய். அதை அடித்துவிட்டேன். "தவறான ஆலோசனை" என்று ஒரு தெரிவு இருக்கிறது, அதைக் குறித்தேன். ஆலோசனை சொன்னவர்: உடன்பிறந்த மூத்த சகோதரி. மேலாளர் கேட்டால் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் என் தலை நிஜமாகவே வெடித்துவிடும். நீ பிடிப்பாய் என்று எனக்கு ஜனவரியில் தெரியாது. அது சத்தியம். ஆனால் உன் ஏப்ரல் கடிதம் மே இரண்டாம் தேதி வந்தது. படித்த அன்றே எடைக்காரர் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஜனவரிக் கடிதத்தை எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே பக்கம், அதே இடம். பரீட்சை, தூசி, கண்ணாடி எல்லாம் பொய். ஐந்து வாரம் அந்தக் கடிதத்தை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். உன்னைப் போகச் சொன்னால் நான் ஜனவரியில் போக வேண்டாம் என்று எழுதியது தப்பு என்று ஆகிவிடும். அது தப்பில்லாமல் போக ஏதாவது ஒரு படிவம் கிடைக்குமா என்று பழைய கட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பல்லால் வந்த நெறி என்று ஒன்றாவது கிடைக்காதா என்று. அது எப்படிக் கிடைக்கும்? பல்லால் வந்தவர்களின் படிவம் எங்களிடம் வருவதே இல்லை. அந்தச் சின்ன விஷயம்கூட அரை டாக்டருக்குத் தோன்றவில்லை.

அறுவைக்கு வராததும் அப்படித்தான். விடுப்பு நான் கேட்கவே இல்லை. நீ புகை பிடிப்பதும் எனக்கு அதற்குள் உறுதியாகிவிட்டது, யார் சொன்னார்கள் என்று கேட்காதே. உன் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று இங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

நாங்கள் மூன்று அட்டை போட்ட பிறகுதான் கோப்பை மூடுவோம். நீயும் மூன்று தரம் எழுதினாய். ஜனவரியில் ஒரு தரம், மார்ச்சில் ரெண்டு தரம், ஏப்ரலில் மூணு தரம். மூன்று தரமும் நான் எழுந்து வரவில்லை. தென்னைமரத்தில் தேள் கொட்டினால் பனைமரத்தில் நெறி கட்டும் என்று எழுதினாயே. உனக்குக் கொட்டியது எனக்குக் கட்டவில்லையடா. கட்டியிருந்தால் அன்றைக்கே பஸ் ஏறியிருப்பேன்.

என்னைத் திட்டியாவது ஒரு கடிதம் எழுது.

அக்கா


நவம்பர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை இவளும் படித்தாள். மடித்து என்னிடமே கொடுத்தாள். பிறகு, "அண்ணிய வரச் சொல்லுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

திட்டு என்கிறாய். திட்ட வாய் இல்லாதவனிடம் கேட்கிறாயே, அதுவும் நல்ல யோசனைதான். மே மாதமே உனக்குத் தெரிந்துவிட்டது என்று படித்தபோது கோபம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன், நோட்டைத் தூக்கி எறிந்தேன். மகள் எடுத்து வைத்தாள். அப்புறம் யோசித்தேன். மார்ச்சிலேயே நீ எடைக்காரருக்குச் சரியாகத்தானே சொன்னாய். அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மூன்று மாதம் வெங்காயம் ஏலம் போட்டவன் நான். ஆகக் கூடி, அந்தக் கட்டத்தில் நீ எழுதியதும் சரி, நான் எழுதியதும் சரி. இரண்டையும் விட்டுவை. இடம் போதாவிட்டால் ஓரத்தில் எழுது.

இன்னொரு விஷயம். போன திங்கட்கிழமை முகம் கழுவும்போது கையில் பட்டது. இந்தத் தடவை இடது பக்கம், தாடைக்குக் கீழே, பட்டாணி அளவு. உன்னிடம் கேட்கவில்லை அக்கா. தப்பாக எடுத்துக்கொள்ளாதே. முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்படியே பஸ் ஏறிவிட்டேன். ஊசி போட்டு எடுத்திருக்கிறார்கள். கதிர்ச் சூட்டாலும் வீங்குமாம், மற்றதாகவும் இருக்கலாமாம். வருகிற வியாழக்கிழமை பதினோரு மணிக்கு முடிவு சொல்வார்கள். இவளுக்கு அந்தத் தாளைப் படிக்கத் தெரியாது. எனக்குப் படிக்கப் பயம். நம் வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நீ ஒருத்திதான். அது உன் மேசைக்கு வரும்வரை காத்திருக்காதே.

உன் தலை எப்படி இருக்கிறது? பழக்கத்தில் கேட்கவில்லை. இப்போது நான் ஒன்றும் பிடிப்பதில்லை. சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

வாயாடி


நவம்பர் 15

தம்பி,

இந்தத் தடவை நலமா என்று கேட்கவில்லை. வந்து பார்க்கிறேன்.

என்னிடம் கேட்காமல் போனாயே, அதுதான் சரி. படித்துவிட்டு அலுவலகக் கழிவறையில் நின்று அழுதேன். அது வேறு. விடுப்பு கேட்டேன், ஒரு வார்த்தை பேசாமல் கொடுத்தார்கள். ஜூலையிலும் கொடுத்திருப்பார்கள்.

புதன்கிழமை காலை முதல் வண்டி. இந்தக் கடிதத்துக்கு முன்னால் நான் வந்து சேர்ந்துவிடுவேன். பிறகு எதற்கு எழுதுகிறாய் என்று கேட்பாய். வாசல் வரை வந்து திரும்பிப் போய்விடுவேனோ என்று எனக்கே என்மேல் பயம். எழுதி அஞ்சலில் போட்டுவிட்டால் வந்துதானே ஆக வேண்டும்.

உன் மனைவியிடம் எனக்கும் ஒரு நாற்காலி போட்டு வைக்கச் சொல். வியாழக்கிழமை அந்தத் தாளை உன் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறேன். எது இருந்தாலும் உள்ளபடி படிக்கிறேன்.

தலைக்கு ஒன்றும் இல்லை. உன் கையை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

அக்கா